டின் பாலை எதிர்த்து நின்ற டாக்டர் சிசிலி வில்லியம்ஸ்

ஐம்பதாம் ஆண்டு மலரில் யாருடைய வாழ்க்கையை எழுதலாம் என்று நாம் கூடிப் பேசியபோது பல பெயர்கள் வந்தன. மார்க்க அறிஞர்கள், வணிகப் பெருமக்கள், சங்கத்தைக் கட்டி வளர்த்த முன்னோர்கள் என்று பட்டியல் நீண்டது. அவர்களைப் பற்றி எழுதப் பலர் முன்வந்தனர். இந்தப் பக்கங்களை மட்டும், நம் இனத்தையும் மார்க்கத்தையும் சேராத ஒரு பெண் மருத்துவருக்கு ஒதுக்கியிருக்கிறோம். நம் வீட்டுத் தொட்டில்களுக்கும் நம் கடை அலமாரிகளுக்கும் இடையே ஒரு பழைய கணக்கு உண்டு. அந்தக் கணக்கை மலாயாவில் துணிந்து எடுத்துச் சொன்னவர் அவர்.

வக்ஃபும் பேராசிரியர் பதவியும்

வக்ஃப் என்றால் என்னவென்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒருவர் தம் நிலத்தையோ கடையையோ இறைவனுக்காக ஒதுக்கிவிட்டால், அதை விற்கவும் முடியாது, வாரிசுகள் பங்கு போடவும் முடியாது. அதன் வருமானம் மட்டும் பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் ஏழை எளியவருக்கும் போய்க்கொண்டே இருக்கும். கொடுத்தவர் கபுருக்குள் போன பிறகும் நன்மை நிற்பதில்லை.

மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் இதைப் போன்ற ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு பெரியவர் பெயரில் பெருந்தொகையை முதலாகப் போடுவார்கள். முதலைத் தொடாமல், அதன் வருமானத்தைக் கொண்டு ஒரு பேராசிரியரை அமர்த்துவார்கள். ஒருவர் ஓய்வு பெற்றால் இன்னொருவர் வருவார். பதவியின் பெயர் மாறாது. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் பச்சிளங்குழந்தை மருத்துவத்திற்கென்று டாக்டர் மேரி எல்லன் ஏவரி பெயரில் அப்படியொரு பதவி இருக்கிறது. குறைமாதப் பிள்ளைகள் மூச்சுத் திணறி இறந்துபோவது ஏன் என்பதை 1959ஆம் ஆண்டில் கண்டு சொன்னவர் அவர். நுரையீரலின் நுண்ணிய காற்றுப் பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஒரு பொருள் அந்தப் பிள்ளைகளிடம் போதுமான அளவில் இல்லை என்று அவர் காட்டினார். இன்று அந்தப் பொருளையே மருந்தாகக் குழந்தையின் மூச்சுக்குழாய் வழியாகச் செலுத்துகிறார்கள். அதனால் பிழைத்த பிள்ளைகள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

ஏவரி அம்மையார் நோயை நுரையீரலுக்குள் தேடினார். அவருக்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, நம் மலாயா மண்ணில், குழந்தைச் சாவின் காரணத்தை மருத்துவமனைக்கு வெளியே தேடிய ஒருவர் இருந்தார். அவர்தான் டாக்டர் சிசிலி டெல்ஃபின் வில்லியம்ஸ்.

ஜமைக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு

சிசிலி அம்மையார் 1893ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் ஜமைக்காத் தீவில் பிறந்தார். கரும்பும் வாழையும் விளையும் அந்தத் தீவும் நம் தோட்டங்களைப் போலவே ஆங்கிலேயர் ஆட்சியில், அயலூர்ச் சந்தைக்காக உழைத்த மண். தந்தையார் அங்கே கல்வித் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். பதின்மூன்று வயதில் மகள் படிப்புக்காக இங்கிலாந்து சென்றார்.

ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவம் படிக்க 1917ஆம் ஆண்டில் அவருக்கு இடம் கிடைத்தது. முதல் உலகப் போரில் இளைஞர்கள் களத்துக்குப் போய்விட்டதால்தான் மருத்துவப் படிப்பின் கதவு பெண்களுக்குச் சற்றே திறந்திருந்தது. 1923ஆம் ஆண்டில் மருத்துவராகத் தேறினார். போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும், தேறிய பெண்களுக்கு வேலை கிடைப்பது கடினமாயிற்று. குழந்தை மருத்துவத்திலும் வெப்பநாட்டு நோய்களிலும் பயிற்சி பெற்று, குடியேற்ற நாடுகளின் மருத்துவச் சேவையில் இடம் கேட்டுக் காத்திருந்தார். 1929ஆம் ஆண்டில் கோல்ட் கோஸ்ட் என்று அப்போது அழைக்கப்பட்ட இன்றைய கானாவுக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே அவர் ஒரு வினோதமான நோயைப் பார்த்தார். ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் கைகால் வீங்கும், வயிறு உப்பும், தோல் கறுத்து உரியும், தலைமுடி செம்பட்டையாகும். பிறகு பிள்ளை சோர்ந்து படுத்துவிடும். பல பிள்ளைகள் எழுவதில்லை. மற்ற மருத்துவர்கள் இதற்குத் தங்களுக்குத் தெரிந்த வேறு நோயின் பெயரைச் சூட்டிவிட்டு நகர்ந்தார்கள். சிசிலி அம்மையார் அவ்வூர்ப் பெண்களிடம் போய்க் கேட்டார். அவர்கள் இந்நோயைக் குவாஷியோர்கர் என்று அழைத்தார்கள். அடுத்த பிள்ளை பிறந்ததும், தாய்ப்பாலிலிருந்து ஒதுக்கப்பட்ட மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள்.

இதைப் படிக்கும் நம் வீட்டுப் பெரியம்மாமார்களுக்கு விளக்கம் தேவைப்படாது. தாய்ப்பால் மறக்கடிக்கப்பட்டு மெலிந்துபோகும் பிள்ளையைச் சவலைப்பிள்ளை என்று நம் பாட்டிமார் சொன்னார்கள் அல்லவா? ஆப்பிரிக்கப் பெண்களும் தமிழ்ப் பெண்களும் ஒருவரையொருவர் பாராமலே ஒரே உண்மையைக் கண்டு அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெண்களின் சொல்லை மருத்துவ நூல்களில் ஏற்றியவர் சிசிலி அம்மையார். பால் நின்றபின் வெறும் சோளக் கூழையே தின்னும் பிள்ளைக்கு உடல் வளர்க்கும் புரதம் போதாமல் போவது காரணமாக இருக்கலாம் என்று 1933ஆம் ஆண்டில் எழுதினார். 1935ஆம் ஆண்டில் அந்த ஊர்ப் பெயரையே நோயின் பெயராக வைத்து மீண்டும் எழுதினார். காரணத்தை அறிய இறந்த பிள்ளைகளின் உடல்களைத் தாமே அறுத்து ஆராய்ந்தார். அதில் தொற்று ஏற்பட்டு அவரே சாவின் விளிம்புக்குப் போய் வந்தார்.

பெரிய மருத்துவர்கள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மேலதிகாரிகளுடனும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. தண்டனை போன்ற ஓர் இடமாற்றம் வந்தது. 1936ஆம் ஆண்டில் மலாயாவுக்கு அனுப்பப்பட்டார்.

பால்மரக் காடும் டின் பாலும்

அவருக்குத் தண்டனையாக வந்தது நமக்கு நன்மையாக முடிந்தது. சிங்கப்பூரில் இருந்த மருத்துவக் கல்லூரியில் அவர் குழந்தை மருத்துவம் கற்பித்தார். மருத்துவமனையில் குழந்தைகளைக் கவனித்தார். சிகிச்சை பெற்று வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் மீண்டும் மீண்டும் வயிற்றுப்போக்கோடு வருவதைக் கண்டு, வீடுகளுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார். வீடுகளில் அவர் கண்டது டின் பால்.

அந்தக் காலத்து மலாயாவை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். நம் பேராக்கில் சித்தியவான், ஆயர் தாவார், புருவாஸ் என்று எங்கு திரும்பினாலும் பால்மரக் காடு. விடியுமுன் பெரட்டுக்கு ஆள் நிற்க வேண்டும். பிள்ளை பெற்ற பெண்ணும் கொஞ்ச நாளில் கத்தியையும் வாளியையும் தூக்கிக்கொண்டு நிரைக்குப் போயாக வேண்டும். கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில் கிடக்கும். தாய் மரத்திலிருந்து பால் இறக்கிக்கொண்டிருப்பாள். பிள்ளைக்கு வேறு பால் தேட வேண்டியிருந்தது. பட்டணத்துப் பெண்ணுக்கோ வேறு வகை இழுப்பு. வெள்ளைச் சீருடை அணிந்து தாதிகளைப் போலத் தோன்றிய விற்பனைப் பெண்கள் வீட்டுக்கும் பிரசவ விடுதிக்கும் வந்து, டின் பால்தான் நாகரிகமானது, பிள்ளையைக் கொழுகொழுவென்று வளர்க்கும் என்று எடுத்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். நோயைப் பற்றிப் பேசுகிறவர் நோய்க்கு விற்கிறவரா, மருந்துக்கு உரியவரா என்று எழுதப் படிக்கத் தெரியாத தாய் எப்படிப் பிரித்தறிவாள்?

சர்க்கரை சேர்த்த கெட்டிப்பால் பிறந்த பிள்ளைக்கு ஆகாது என்பதற்குக் காரணங்கள் உண்டு. அதில் சர்க்கரை மிகுதி. பிள்ளையை வளர்க்கும் சத்து குறைவு. கொழுப்பை எடுத்துவிட்டுத் தயாரித்த மலிவான வகையில் வைட்டமின் ஏ போய்விடும். அதையே குடித்து வளரும் பிள்ளைக்குக் கண் பார்வை போகவும் கூடும். ஒரு டின்னை வார இறுதிவரை இழுத்துக்கொண்டு போகத் தண்ணீரைக் கூட்டுவார்கள். அந்தத் தண்ணீர் கிணற்றிலிருந்தோ ஆற்றிலிருந்தோ வந்தது. கொதிக்க வைக்க விறகும் நேரமும் இல்லை. புட்டியின் ரப்பர்க் காம்பில் ஈ மொய்க்கும். தாய்ப்பாலிலோ நோயை எதிர்க்கும் காப்பு இயற்கையாகவே இருக்கிறது. புட்டியை எடுத்த பிள்ளை அந்தக் காப்பையும் இழந்து, கிருமியையும் குடித்தது. தாய் புட்டிக்கு மாறினால் அவள் மார்பிலும் பால் வற்றத் தொடங்கும். அதன் பிறகு திரும்புவது கடினம்.

1939ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் பேச அவரை அழைத்தார்கள். கூடியிருந்தவர்கள் வணிகப் பிரமுகர்கள், தொழில் அதிபர்கள். சிசிலி அம்மையார் தம் உரைக்கு 'பாலும் கொலையும்' என்று பெயர் வைத்தார். தவறான விளம்பரத்தை நம்பித் தாய்ப்பாலை நிறுத்தியதால் நாள்தோறும் பிள்ளைகள் சாகின்றன, இந்தச் சாவுகளைக் கொலையென்றே கொள்ள வேண்டும், அத்தகைய பிரச்சாரத்தைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஒரு பெண், ஏற்கெனவே ஒருமுறை இடமாற்றத்தில் அடிபட்டவர், அந்த அவையில் அப்படிப் பேசினார் என்பதை நாம் மறக்கக் கூடாது.

நம் கடைகளின் அலமாரி

இந்த இடத்தில் நாம் நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நம் பாட்டன்மார்கள் கப்பலேறி வந்து பேராக் முழுவதும் மளிகைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் வைத்தவர்கள். தோட்டத்து ஆள்களுக்கு அரிசி, பருப்பு, கருவாடு எல்லாம் சம்பள நாள்வரை கடனுக்குக் கொடுத்தவர்கள். அந்தக் கடன் நோட்டுகளில் அரிசிக்கு அடுத்த வரியில் டின் பாலும் இருந்தது. தேத்தண்ணீருக்கு வாங்கியது எத்தனை, புட்டிக்கு வாங்கியது எத்தனை என்று யாரும் பிரித்து எழுதவில்லை. விற்றவர்களும் அறியாமல்தான் விற்றார்கள். தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதையே கரைத்துக் கொடுத்தார்கள். மறையில் இரண்டு முழு ஆண்டு பாலூட்டுவது பற்றி ஓதிய வீடுகளில்கூடப் புட்டி நுழைந்தது.

நம் பழைய குடும்பங்களில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேட்டால், மூதாட்டிகள் இரண்டு கணக்குச் சொல்வார்கள். பெற்றது இத்தனை, தங்கியது இத்தனை என்பார்கள். இரண்டுக்கும் இடையில் விழுந்த எல்லாப் பிள்ளைகளும் டின் பாலால் போனவர்கள் அல்லர். மலேரியா இருந்தது, காசநோய் இருந்தது, வறுமை இருந்தது. ஆனால் அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு நம் அலமாரியிலிருந்தும் போயிருக்கும். யாரையும் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. ஐம்பது ஆண்டுக் கணக்கைப் பார்க்கும்போது பற்று வரவு இரண்டையும் பார்ப்பதுதான் வணிகருக்கு அழகு.

சிறையில் பிறந்த பிள்ளைகள்

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியபோது, சிசிலி அம்மையார் அடுத்த மாநிலமான திரெங்கானுவில் பணியில் இருந்தார். பெரும் சிரமப்பட்டுச் சிங்கப்பூருக்குத் தப்பி வந்தார். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் விழுந்தது. மற்ற வெள்ளைக்காரக் குடிமக்களோடு அவரும் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார்.

சிறையில் பெண்கள் முகாமின் தலைவர்களில் ஒருவரானார். 1943ஆம் ஆண்டு செப்டம்பரில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஜப்பானியக் கப்பல்கள் தகர்க்கப்பட்டன. சிறைக்குள்ளிருந்து உளவு போயிருக்க வேண்டும் என்று சந்தேகித்த கெம்பெத்தாய் அக்டோபர் மாதம் கைதிகளை இழுத்துச் செல்லத் தொடங்கியது. சிசிலி அம்மையாரும் கொண்டுபோகப்பட்டார். ஆண்களோடு ஒரே கூண்டில், படுக்க இடமின்றி, பல மாதங்கள் பட்டினியிலும் விசாரணையிலும் கழிந்தன. பக்கத்தில் மனிதர்கள் இறப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். செய்யாத குற்றத்தை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. உயிரோடு திரும்பியபோது உடல் முற்றிலும் உருக்குலைந்திருந்தது.

பேராக்கில் வாழும் நமக்கு இந்தக் கதை அந்நியமானதன்று. ஈப்போவுக்கு அருகில் பாப்பான் ஊரில் மருத்துவச்சியாகத் தொண்டு செய்த சிபில் கார்த்திகேசு அம்மையாரும் அதே 1943ஆம் ஆண்டில்தான் கெம்பெத்தாயிடம் சிக்கிச் சித்திரவதைப்பட்டார். எவ்வளவு கொடுமை செய்தும் அவரிடமிருந்து பெயர்களைப் பெற முடியவில்லை. அந்தக் காயங்களின் விளைவாகவே 1948ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

சாங்கியின் இன்னொரு கணக்கைச் சிசிலி அம்மையார் வாழ்நாள் முழுதும் சொல்லி வந்தார். அந்த முகாமில் இருபது பிள்ளைகள் பிறந்தன. தாய்மார்களுக்கே வயிறாரச் சோறு இல்லாத இடம் அது. டின் பாலோ புட்டியோ கிடைக்காத இடம். இருபது பிள்ளைகளும் தாய்ப்பாலே குடித்தன. இருபதும் பிழைத்தன. வெளியே சுதந்திரமாக, கடைத்தெருவுக்குப் பக்கத்தில் பிறந்த பிள்ளைகள் புட்டியால் மாண்டிருக்க, சிறைக்குள் பசியில் பிறந்தவை வளர்ந்தன. ரோட்டரி கழகத்தில் அவர் வாதிட்டதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

உலகப் பணி

போர் முடிந்ததும் உடல்நலம் தேறி மலாயாவுக்கே திரும்பினார். தாய்சேய் நலப் பணிகளுக்குத் தலைமை ஏற்றார். 1948ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் தொடங்கியபோது, ஜெனீவாவில் அதன் தாய்சேய் நலப் பிரிவின் முதல் தலைவராக அமர்த்தப்பட்டார். பிறகு நம் ஆசியப் பகுதிக்கும் அதே பணிக்காக வந்தார். 1959 முதல் 1964 வரை பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் தாய்சேய் நலப் பேராசிரியராக இருந்து, அரபு நாடுகளின் மருத்துவர்களுக்கும் தாதிகளுக்கும் கற்பித்தார். எண்பது வயதை எட்டியபோதும் அமெரிக்காவின் டுலேன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். எழுபது நாடுகள் வரை சென்று வந்தார்.

எங்கு போனாலும் அவர் சொன்னது ஒன்றுதான். நோய் வந்தபின் மருந்து கொடுப்பதையும், வராமல் தடுப்பதையும் இரண்டு கட்டடங்களில் பிரித்து வைக்கக் கூடாது. தாயையும் பிள்ளையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் எளிய அட்டை ஒன்றில் எடையும் வரலாறும் எழுதப்பட வேண்டும். ஊர்ப் பெண்களுக்குத் தெரிந்ததை முதலில் கேட்டுவிட்டுத்தான் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். இன்று நம் மருமகள்மார் இளஞ்சிவப்புப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்கில் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். தாதி பிள்ளையை எடை போட்டு வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைக்கிறார். பிள்ளை பெற்ற வீட்டுக்கு மிசி வந்து பால் கொடுக்கும் விதத்தைக் காட்டிவிட்டுப் போகிறார். இவையெல்லாம் ஒருவர் மட்டும் செய்து முடித்தவை அல்ல; ஆனால் இந்த வழியில் முன்னே நடந்தவர்களில் அவரும் ஒருவர்.

பலனையும் நாம் கண்ணால் கண்டோம். நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் மலாயாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் ஏறத்தாழ 75 பிள்ளைகள் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்தன. இன்று அந்த எண்ணிக்கை பத்துக்கும் கீழே.

அவருடைய பழைய உரையும் வீண்போகவில்லை. நம் நாடு 1979ஆம் ஆண்டிலேயே குழந்தைப் பால்மாவு விற்பனைக்கு நன்னெறிக் கோட்பாட்டை வகுத்தது. 1981ஆம் ஆண்டு மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் பொருள்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக நெறியை ஏற்றது. ஆதரவாக 118 நாடுகள் வாக்களித்தன; எதிர்த்தது ஒரே ஒரு நாடு. தாதி வேடத்தில் விற்பனைப் பெண்கள் தாய்மாரை அணுகுவது தடுக்கப்பட்டது. 1986ஆம் ஆண்டில் அவருடைய 'பாலும் கொலையும்' உரை நூலாக வெளிவந்தது. அதை வெளியிட்டவர்கள் லண்டனிலோ ஜெனீவாவிலோ இல்லை; நமக்குப் பக்கத்தில், பினாங்கில் இயங்கிய அனைத்துலகப் பயனீட்டாளர் அமைப்பினர்.

1992ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள், 98ஆம் வயதில், ஆக்ஸ்ஃபோர்டில் சிசிலி அம்மையார் மறைந்தார். மூன்று வாரம் கழித்து, ஆகஸ்டு முதல் தேதி, உலகத் தாய்ப்பால் வாரம் முதல்முறையாகக் கடைப்பிடிக்கப்பட்டது. அதை ஒருங்கிணைத்த கூட்டமைப்பின் தலைமையகமும் பினாங்கில்தான். அவர் பேசிய மலாயா மண்ணே அவர் பேச்சை உலகுக்குத் திருப்பி அனுப்பியது.

நம் பங்கு

ஆயர் தாவார் என்றால் மலாய் மொழியில் நன்னீர். குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது, கிளினிக் இருக்கிறது, பிள்ளைகள் தங்குகின்றன. ஆயினும் தோட்டங்களில் இன்று வேறு நாட்டுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். நம் பாட்டிமார் இருந்த நிலையில் அவர்கள் வீட்டுப் பெண்கள் சிலர் இருக்கிறார்கள். வேலைக்குப் போகும் நம் பெண்களும் பேறுகால விடுப்பு முடிந்ததும் புட்டியைத் தேடும் நிலை இருக்கிறது. பாலைக் கறந்து வைக்க ஒரு தனியறையும் அரை மணி நேரமும் கிடைக்காததே பல இடங்களில் காரணம்.

ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவியை ஏற்படுத்தும் வசதி நம் சங்கத்திடம் இல்லை. ஆனால் வக்ஃபு சிறியதாகவும் இருக்கலாம். ஐம்பதாம் ஆண்டு நிதியில் ஒரு பகுதியைத் தொடாத முதலாக வைத்து, அதன் வருமானத்தில் ஆண்டுக்கு ஒரு பிள்ளையைத் தாதிமைப் படிப்புக்கு அனுப்பலாம் என்பது நம் யோசனை. இனம் பாராமல், தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு முதலிடம் கொடுக்கலாம். கடை நடத்தும் உறுப்பினர்கள் தங்களிடம் வேலை செய்யும் தாய்மார்களுக்குப் பாலூட்ட ஓர் இடமும் நேரமும் ஒதுக்கலாம். கெட்டிப்பால் கேட்டுக் கைக்குழந்தையோடு வருகிற பெண்ணிடம், இது தேத்தண்ணீருக்கு மட்டும்தான் அம்மா, பிள்ளைக்கு ஆகாது என்று கல்லாவில் இருப்பவர் ஒரு வார்த்தை சொல்லலாம். அதற்குச் செலவு ஏதுமில்லை.

பழைய கணக்கு நோட்டில் விட்டுப்போன வரியை நாம் இப்படித்தான் நேர் செய்ய முடியும். வரும் பொதுக்கூட்டத்தில் இதை முன்வைக்க இருக்கிறோம். உறுப்பினர் குடும்பங்கள், குறிப்பாக வீட்டுப் பெண்கள், வந்து தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறோம். இன்ஷா அல்லாஹ், அறுபதாம் ஆண்டு மலரில் முதல் தாதியின் பெயரை எழுதுவோம்.